பூட்ஸுக்காக அரைத்த மிளகாய்

காம்பைக் கிள்ளாமலே கொண்டுவந்துவிட்டாயே அம்மணி. இங்கே கொடு, நான் கிள்ளித் தருகிறேன். வரிசை இப்போதைக்கு நகராது. வெள்ளிக்கிழமை என்றால் மாசாணி கோயிலில் இப்படித்தான், மிளகாய் அரைக்கும் கல்லுக்குக் கிட்டத்தில் போவதற்குள் இடுப்பு விட்டுப்போகும். அரைத்த கையால் கண்ணைத் தொட்டுவிடாதே. சோப்புப் போட்டாலும் எரிச்சல் போகாது, தேங்காய் எண்ணெய் தடவிக்கொள். எனக்கு எப்படித் தெரியும் என்று பார்க்கிறாயா? நானும் இதே கல்லில் அரைத்துவிட்டுப் போனவள்தான். போன மாதம்.

எனக்கு யாரையும் சபித்துப் பழக்கமில்லை. கோழிக்குஞ்சைக் காக்காய் தூக்கிக்கொண்டு போனால்கூட, அதற்கும் கூட்டில் குஞ்சு இருக்குமே என்று சொல்கிறவள் நான். என் மகள் கேட்டுவிட்டுச் சிரிப்பாள். இங்கே வருகிறவர்கள் நகை போயிற்று, நிலம் போயிற்று, கட்டினவன் போய்விட்டான் என்று வருகிறார்கள். நான் எதற்கு வந்தேன் தெரியுமா? ஒரு ஜோடி பூட்ஸுக்கு.

சிரி, பரவாயில்லை. பூசாரியும் அன்றைக்குச் சிரித்தார்.

எனக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவன் நந்தகுமார், எங்கள் ஊர் நார் மில்லில் வண்டி ஓட்டுகிறான். இளையவள் வைதேகி. அவங்கப்பா போன பிறகு அவளைக் காலேஜுக்கு அனுப்பியது அவன்தான். அவள் விலங்கு, பறவை என்று ஏதோ படித்தாள். நான் ஐந்தாவதோடு நின்றவள், அந்தப் படிப்பின் பேரைக்கூட எனக்குச் சரியாகச் சொல்ல வராது. படித்து முடித்தவளுக்கு வேலை எங்கே கிடைத்தது என்கிறாய்? மலைமேல், காட்டுக்குள்ளே. ஒரு டிரஸ்டில் எடுத்துக்கொண்டார்கள். இருவாச்சி என்று ஒரு பறவை இருக்கிறதாமே, அது எந்த மரப்பொந்தில் கூடு வைக்கிறது, குஞ்சு பொரித்ததா இல்லையா என்று தினம் நடந்துபோய் மரத்தடியில் உட்கார்ந்து பார்த்து எழுத வேண்டும். அதற்குச் சம்பளம்.

அந்தப் பறவையைப் பற்றி அவள் ஒரு நாள் எனக்குச் சொன்னாள். பெண் பறவை தானாகவே பொந்துக்குள் போய் வாசலை அடைத்துக்கொள்ளுமாம். ஒரு சின்ன ஓட்டை மட்டும். ஆண் பறவை பழம் கொண்டுவந்து அதன் வழியாக ஊட்டுமாம்.

"பாரு, அதுக்குத் தெரிஞ்சிருக்குது" என்றேன்.

"உங்கிட்டச் சொன்னேன் பாரு" என்று எழுந்து போய்விட்டாள்.

யானை இருக்கிற காடு அம்மணி. சிறுத்தை இருக்கிறது. எனக்குச் சோறு இறங்குமா? ஆனால் அவளிடம் போகாதே என்று நான் ஒரு வார்த்தை சொன்னதில்லை. பிள்ளைகள் மனம் நோகப் பேசக்கூடாது என்று ஒரு வைராக்கியம் எனக்கு. எதுவானாலும் சாமியிடம்தான் சொல்வேன். சாயங்காலம் விளக்கை ஏற்றிவிட்டு நின்றேன் என்றால் எல்லாவற்றையும் கொட்டிவிடுவேன். மனதுக்குள்ளே கும்பிட எனக்குத் தெரியாது, சாமிக்குக் கேட்கிற மாதிரி வாய்விட்டுத்தான் கும்பிடுவேன். "தாயே, அவ மனசு நோகாம, தானா நின்னு போற மாதிரி ஏதாவது ஒரு வழி பண்ணு. அவ அந்தக் காட்டுக்குப் போகாம இருந்தாப் போதும், உனக்குப் பொங்கல் வெக்கறேன்." தினமும் இதுதான். நந்து அப்போதுதான் வேலை முடிந்து வந்து கூடத்தில் சாப்பிட உட்கார்ந்திருப்பான். தட்டில் கையை வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருப்பான். என்ன சாமி, ரசம் ஊற்றட்டுமா என்பேன். ஒண்ணுமில்லம்மா என்பான். பாசமான பிள்ளை. என் கண்ணில் தண்ணீர் வந்தால் அவனுக்குத் தாங்காது.

பூட்ஸைச் சொல்ல வந்தேன். டிரஸ்டில் எல்லாம் கொடுப்பார்கள், தங்க இடம், சாப்பாடு, மழைக்கோட்டு, எல்லாம். பூட்ஸ் மட்டும் அவரவர் காலுக்குப் பார்த்து வாங்கிக்கொண்டு வர வேண்டும். நல்ல பூட்ஸ் இல்லாமல் வந்தால் காட்டுக்குள்ளே விடமாட்டோம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். கணுக்காலுக்கு மேலே வர வேண்டும், அடிப்பாகம் பல் பல்லாக இருந்து சரிவில் பிடிக்க வேண்டும், முள் ஏறக்கூடாது.

பொள்ளாச்சியில் கடை கடையாக ஏறினோம். வைதேகியின் கால் சின்னக் கால், குழந்தை பாதம் மாதிரி இருக்கும். ஒரு கடைக்காரர் அவள் காலைப் பார்த்துவிட்டு, "பொம்பளைப் புள்ளைக்கு பூட்ஸாங்க? ஸ்கூல் ஷூ வேணா தரட்டுங்களா? லைட் எரியற மாதிரிகூட இருக்குது" என்றார். இவள், "யானை தூரத்துலயே பார்த்துக்கும், நல்லதுதான்" என்றாள். அந்த மனிதருக்கு ஒன்றும் புரியவில்லை. இன்னொரு கடையில் மில் வேலைக்குப் போடுகிற பூட்ஸைக் காட்டினார்கள். முன்பக்கம் இரும்பு. ஒரு காலைத் தூக்கி வைப்பதற்குள் அவளுக்கு முட்டி வலித்துவிட்டது. கோயமுத்தூர் வரைக்கும் போனோம். ஆண்பிள்ளைகளுக்கு அடுக்கி வைத்திருக்கிறான், பெண்பிள்ளைக்கு இல்லை என்கிறான்.

கடைசியில் நந்துதான் போனில் தேடித் தேடி வரவழைத்தான். முதலில் வந்தது பெரிசு. திருப்பி அனுப்பினான். இரண்டாவது வந்தது விரலைக் கடித்தது. அதையும் திருப்பினான். மூன்றாவது சரியாக வந்தது. தங்கச்சி காலடியில் உட்கார்ந்து, அவனே கயிறு கட்டிவிட்டு, முன்பக்கத்தைக் கட்டைவிரலால் அழுத்தி அழுத்திப் பார்த்தான். "ஒரு வெரல் எடம் இருக்கோணும் பாப்பா, எறக்கத்துல எறங்கறப்ப நகம் போயிரும்" என்றான். அவளுக்கு முகமெல்லாம் சிரிப்பு. புதுச் சாமான் வீட்டுக்கு வந்தால் மஞ்சள் வைக்காமல் எனக்கு மனசு ஒப்பாது. ஆனால் காலில் போடுகிறதற்கு மஞ்சள் வைக்கலாமா? யோசித்து யோசித்து, கயிற்று நுனியில் மட்டும் ஒரு துளி தொட்டு வைத்தேன்.

புது பூட்ஸோடு நேராகக் காட்டுக்குப் போகக்கூடாதாம். வீட்டிலேயே போட்டு நடந்து பழக்க வேண்டுமாம், தோல் காலுக்கு இணங்கி வர வேண்டுமாம். இவள் கூடத்தில் டக்கு டக்கென்று நடக்கிறாள், சமையல்கட்டு வரைக்கும் வருகிறாள். எனக்குப் பதறிவிட்டது.

"சாமி படம் இருக்கற வீட்டுக்குள்ள தோலாடி?"

"அம்மா, இது இன்னும் மண்ணையே மிதிக்கல. உன்ற கூடத்தை விடச் சுத்தமா இருக்குது."

"சுத்தமோ அழுக்கோ, கால்ல போடறது வாசலோட நிக்கோணும்."

"சரி, உன்ற சாமிக்கு வேற வேலையில்ல" என்று தோப்பில் போய் நடந்தாள். முதுகில் ஒரு மூட்டையை வேறு கட்டிக்கொண்டு, தென்னை மரத்துக்கு மரம் சுற்றிச் சுற்றி வந்தாள். வேலைக்கு வந்த பெண்களெல்லாம் நின்று வேடிக்கை பார்த்தார்கள். பிறகு பூட்ஸைத் துடைத்துத் தன் கட்டிலுக்கு அடியில் வைத்துக்கொள்கிறேன் என்று கெஞ்சினாள். நான் விடவில்லை. வாசல் படிக்கு வெளியேதான் என்று சொல்லிவிட்டேன். இத்தனை வருஷத்தில் எங்கள் வீட்டு வாசலில் ஒரு ரப்பர் செருப்புகூடக் காணாமல் போனதில்லை அம்மணி.

அவள் கிளம்புகிற நாள் காலையில் எழுந்து பார்த்தால் படியில் என் செருப்பு இருக்கிறது, நந்துவின் செருப்பு இருக்கிறது, பூட்ஸ் இல்லை.

தேடினோம் தேடினோம், அப்படித் தேடினோம். நாய் இழுத்துக்கொண்டு போயிருக்கும் என்று வாய்க்கால் மேடு வரைக்கும் போனாள். பழைய சாமான் எடுக்க வருகிற ஆளைப் பிடித்துக் கேட்டோம். நந்துவும் கூடத்தான் தேடினான், கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தான். அவள் அழவில்லை. படியில் உட்கார்ந்து, வைத்திருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதைப் பார்க்கத்தான் எனக்கு முடியவில்லை. போகாமல் நின்றுவிடுவாள் என்றுதான் நினைத்தேன். "அங்க போய் யாருகிட்டயாவது வாங்கிப் போட்டுக்கறேன்" என்று ஜீப்பில் ஏறிவிட்டாள்.

அங்கே கூட வேலை பார்க்கிறவர் ஒருவர் தன் பழைய பூட்ஸைக் கொடுத்திருக்கிறார். ஆண்பிள்ளைக் கால். முன்னால் துணியை அடைத்துப் போட்டுக்கொண்டு நடந்திருக்கிறாள். ஒரு வாரம்கூட ஆகவில்லை, குதிகால் இரண்டும் தோலுரிந்து உள்ளே சிவப்பாகத் தெரிகிறது. அதோடும் நடந்திருக்கிறாள். ஒரு சரிவில் இறங்கும்போது கால் பூட்ஸுக்குள்ளேயே புரண்டுவிட்டது. பாறையில் உருண்டு, கணுக்கால் வீங்கி, ஜீப்பில் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனார்கள். கால் ஆறட்டும், உங்கள் அளவுக்கு பூட்ஸ் வாங்கிக்கொண்டு வாருங்கள், ஆனால் கூடு வைக்கிற காலம் போய்விட்டால் வேறு ஆளைத்தான் போட வேண்டியிருக்கும் என்று சொன்னார்களாம். அவர்களைக் குறை சொல்ல முடியாது.

அந்தக் காலை மடியில் வைத்து நான் கழுவினேன். பெற்றவளுக்கு எப்படி இருக்கும், சொல்லு. நந்து பக்கத்திலேயே வரவில்லை. ஒரு பார்வை பார்த்துவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். சின்ன வயதிலிருந்தே அவனுக்கு ரத்தம் என்றால் பயம்.

அன்றைக்குத்தான் எனக்குள்ளே ஏதோ ஏறிவிட்டது. மாசாணியிடம் போய் மிளகாய் அரைக்கப் போகிறேன் என்றேன். வைதேகி, "போம்மா, ஒரு பூட்ஸுக்குப் போயி" என்றாள். நந்து, "எதுக்கும்மா அதெல்லாம்? புதுசா வரவழைச்சுத் தர்றேன்" என்றான். "பூட்ஸு போனாப் போகுது. எம்புள்ள கால இப்படிப் பண்ணினவனச் சும்மா விடச் சொல்றயா?" என்று கேட்டேன். மிளகாயைக் கடைக்குப் போய் வாங்கிக்கொண்டு வந்ததே அவன்தான். வண்டியில் இந்த வாசலில் கொண்டுவந்து இறக்கிவிட்டதும் அவன்தான். உள்ளே வாடா, ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போ என்றேன். வண்டியப் பார்த்துக்கறேன்னு நின்றுகொண்டான்.

அரைத்தேன். கை எரிய எரிய அரைத்தேன். நியாயம் கேட்கிறவர்கள் பூசுகிற அந்த நீதிக்கல்லில் பூசினேன். என்ன சொல்லிப் பூசினேன் என்கிறாய்? "யாராயிருந்தாலும் சரி, ஆளு யாருன்னு நான் கேக்கல. எம்பொண்ணு காலு எரிஞ்ச மாதிரி அவன் ஒடம்பு எரியோணும் தாயே." இந்த வாயால்தான் சொன்னேன்.

கொஞ்ச நாளில் நந்துவுக்கு இடுப்பில் கொப்புளம். வேர்க்குரு என்று நினைத்தோம். அப்புறம் பட்டை கட்டின மாதிரி சுற்றிக்கொண்டு வருகிறது. அக்கி. சட்டை பட்டால் துடிக்கிறான், காற்றுப் பட்டால் துடிக்கிறான். ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்தார்கள். எதற்கும் இருக்கட்டும் என்று மண்பானை செய்கிறவரைக் கூட்டிவந்து காவியைக் குழைத்து அக்கி எழுதச் சொன்னேன். அவர் கோழி இறகால் எழுதிக்கொண்டே, "எப்படிங்க தம்பி இருக்குது?" என்று கேட்டார்.

"மொளகா அரைச்சுப் பூசின மாதிரி இருக்குதுங்க" என்றான்.

அவர் போனதும் அவன் என் சேலையைப் பிடித்துக்கொண்டான். நல்ல காய்ச்சல்.

"அம்மா, மில்லுப் பரண் மேல நார்ச் சிப்பத்துக்குப் பின்னால சாக்குல சுத்தி வெச்சிருக்கறேன். போய் எடுத்துக்க."

"என்னத்தடா?"

"பாப்பாவோட பூட்ஸு."

"ஏன்டா சாமி? நீதான வாங்கிக் குடுத்த?"

"நீதானம்மா தெனம் வெளக்குக்கு முன்னால நின்னு கேட்ட. சாமி எதுவும் செய்யற மாதிரித் தெரியல. அதான்."

காய்ச்சல் வேகத்தில் என்னென்னவோ பேசுகிறான். நான் சாமியிடம் கேட்டால் சாமியல்லவா செய்ய வேண்டும்? இவனை யார் செய்யச் சொன்னது? மில்லில் இவனோடு சுற்றுகிற கூட்டம் சரியில்லை, தங்கச்சியக் காட்டுக்கு அனுப்பறயான்னு எவனோ ஏற்றிவிட்டிருப்பான். இல்லாவிட்டால் என் பிள்ளைக்கு இப்படியொரு புத்தி எங்கிருந்து வரும், சொல்லு.

போய் எடுத்தேன். ஒரு கீறல் இல்லாமல் இருந்தது. கயிற்று நுனியில் மஞ்சள்கூட அப்படியே இருந்தது. கொண்டுவந்து வைதேகியிடம் நீட்டினேன். அவளுக்கு இப்போது கால் ஆறிவிட்டது, நடக்கிறாள்.

"எங்க இருந்துச்சு?" என்றாள்.

"மில்லுப் பரண்ல."

அவ்வளவுதான் சொன்னேன். அவள் நந்து படுத்திருந்த அறைப் பக்கம் திரும்பி, திரைத்துணியையே கொஞ்ச நேரம் பார்த்தாள். அவளுக்கு அண்ணன் என்றால் உயிர். அதுதான் வந்த வினை. வேறு யாராவது எடுத்திருந்தால் திட்டிவிட்டுப் போட்டுக்கொண்டு போயிருப்பாள்.

"அவனையே எடுத்துக் குடுக்கச் சொல்லு. எங்கண்ணன் கையால குடுத்தா வாங்கிக்கறேன். நீ குடுத்தா நான் தொடமாட்டேன்."

உள்ளே போய்ச் சொன்னேன். அவன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். "அவ மூஞ்சியப் பார்த்து எப்படிம்மா குடுப்பேன்? வாசல்ல வெச்சுரு, எடுத்துக்கட்டும்."

வெளியே வந்து சொன்னேன். "அப்ப அங்கயே இருக்கட்டும்" என்றாள்.

இரண்டு எட்டு வைத்தால் ஒருத்தர் முகத்தில் ஒருத்தர் முழிக்கிற வீடு. நடுவில் நான் போகிறேன், வருகிறேன். அவளுக்குக் கஞ்சி, அவனுக்குக் கஞ்சி. அவளிடம், அண்ணன் எரிச்சலில் துடிக்கிறான், நீ மனசு ஆறினால்தான் அம்மன் மனசு ஆறும் என்றேன். "அம்மா, அது கிருமியால வர்றது. மாத்திரையத் தவறாமக் குடு" என்கிறாள். அவன் முனகுகிற சத்தம் கேட்டால் மட்டும் எழுந்து தோப்புக்குப் போய்விடுகிறாள். அவனிடம், வாங்கிக் கொடுத்த உனக்கு எடுத்துக் கொடுக்க என்னடா என்றேன். போர்வையை இழுத்து மூடிக்கொள்கிறான், அந்த எரிச்சலோடு.

நாளைக்குக் காலையில் ஜீப் வருகிறது. இதுதான் கடைசி, இதை விட்டால் அந்த இடத்துக்கு வேறு ஆள். பூட்ஸ் வாசல் படியில் கிடக்கிறது. அதைத் தாண்டித் தாண்டித்தான் அவள் தண்ணீர் எடுக்கப் போகிறாள். அந்த ஆண்பிள்ளைப் பூட்ஸையே போட்டுக்கொண்டு போகிறேன் என்கிறாள். மறுபடியும் அந்தக் குதிகால் என்னத்துக்கு ஆகும்? இவனுக்கோ அக்கி முதுகிலிருந்து முன்பக்கம் வந்துவிட்டது. இடுப்பைச் சுற்றி வந்து தலையும் வாலும் சேர்ந்துவிட்டால் உயிருக்கு ஆகாது என்பார்கள். சேர்வதற்கு நாலு விரல் இடம்தான் பாக்கி.

அதனால்தான் இன்றைக்கு விடிந்ததும் நல்லெண்ணெயை எடுத்துக்கொண்டு ஓடிவந்தேன். பூசாரியிடம் கேட்டேன், அரைத்ததைத் திருப்பி வாங்கிக்கொள்ள முடியுமா சாமி என்று.

"வழக்கு வெச்சது நீங்கதானம்மா. யாருக்குக் கெடுதல் ஆச்சோ அவங்க மனசு ஆறிருச்சுன்னா, எண்ணெய்க்காப்பு சாத்தி அம்மனைக் குளிர வெச்சுரலாம்."

"ஆறலைன்னா?"

"அதை அம்மன்கிட்டத்தான் கேக்கோணும்" என்றார். அவரும்தான் என்ன சொல்வார்.

அம்மணி, நீ எதற்காக அரைக்க வந்தாய் என்று நான் கேட்கமாட்டேன். ஆள் யாரென்று தெரிந்துதானே அரைக்கிறாய்? தலையை ஆட்டுகிறாய். நிச்சயமாகத் தெரியுமா? சரி, சரி. உன் இஷ்டம். காம்பெல்லாம் கிள்ளியாயிற்று, முந்தானையில் முடிந்துகொள்.

எண்ணெய் என்ன ஆயிற்று என்கிறாயா? இதோ பார், பாட்டில் காலி. சாத்தியாகிவிட்டது. அதைத்தான் யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று இங்கே உட்கார்ந்திருக்கிறேன், வீட்டுக்குப் போகக் கால் வரவில்லை. உள்ளே பூசாரி பாட்டிலை வாங்கிக்கொண்டு, "பேரு, நட்சத்திரம் சொல்லுங்கம்மா" என்றார். நந்தகுமார் என்று சொல்ல வாயெடுத்தேன். அவளுக்கு நடந்த அநியாயத்துக்கு நானே வழக்கு வைத்துவிட்டு, அதைச் செய்தவன் பேருக்கே குளிர்ச்சி கேட்டால் அவளுக்கு என்ன பதில்? வைதேகி என்று சொல்லலாமென்றால், அவள் மனசு ஆறவில்லையே, அம்மனிடம் பொய் சொல்ல முடியுமா? அவன் பேரைச் சொன்னால் அவளுக்கு இல்லை, அவள் பேரைச் சொன்னால் அவனுக்கு இல்லை. பின்னால் இருக்கிறவர்கள் முதுகில் இடிக்கிறார்கள். பூசாரி, "சீக்கிரம் சொல்லுங்கம்மா, யாரு பேருக்கு?" என்கிறார்.

என் பேர் வந்துவிட்டது அம்மணி. மயிலாத்தாள், பூர நட்சத்திரம். நான் நினைத்துச் சொல்லவில்லை. வாய் தானாகச் சொல்லிவிட்டது. அவரும் மயிலாத்தாள் மயிலாத்தாள் என்று சொல்லிச் சொல்லி மொத்த எண்ணெயையும் விட்டுவிட்டார். அம்மன் மேலே வழிந்து போகிறதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.

போ, உன்னைக் கூப்பிடுகிறார்கள் பார். போவதற்கு முன்னால் இதை மட்டும் சொல்லிவிட்டுப் போ. எரிகிறது அவனுக்கு. கால் புண்ணானது அவளுக்கு. எனக்கு ஒன்றுமே ஆகவில்லையே. என் பேருக்கு எண்ணெய் விட்டு யாருக்கு அம்மணி குளிரும்?